மூன்றரை நிமிடத் தொலைவு

பழவேற்காட்டில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ மூன்றரை நிமிடம் கழித்து ஆர்.கே.பேட்டையில் உச்சிக்கு வருகிறது. பறவை பறக்கும் கணக்கில் இரண்டு ஊருக்கும் இடையே நூறு கிலோமீட்டர். இரண்டுமே திருவள்ளூர் மாவட்டம்தான். ஒன்று அதன் கிழக்கு விளிம்பில், வங்கக் கடலோரத்தில் இருக்கிறது. மற்றது மேற்கு விளிம்பில், ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. பேருந்து மாறி மாறிப் போகிறவருக்கு ஒரு பகல் பிடிக்கும் இந்தத் தூரம் சூரியனுக்கு ஒரு பொருட்டே அல்ல. இரண்டு ஊரும் 13 டிகிரி வடக்கு அட்சக்கோட்டை ஒட்டியே இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் என ஆண்டுக்கு இருமுறை இரண்டிலும் நடுப்பகல் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும்.

இருந்தும் மே மாதப் பிற்பகலில் பழவேற்காட்டுக் கரை 35, 36 டிகிரியில் நிற்கும்போது திருத்தணி, ஆர்.கே.பேட்டை வட்டாரம் 42, 43 என்று ஏறுகிறது. ஜனவரி விடியலில் கதை தலைகீழ். கடலோரத்தில் மின்விசிறி ஓடும், ஆர்.கே.பேட்டையில் கம்பளி தேடுவார்கள். ஒரே மாவட்டம், ஒரே அட்சம், ஒரே வெயில். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கிழக்கிலிருந்து மேற்காக ஒருமுறை போய்வருவதே நல்ல வழி. போவதென்றால் கத்திரியில் போக வேண்டும். மார்கழியில் போனால் எல்லா ஊரும் நல்ல ஊராகத் தெரியும்.

புறப்படுமுன் சூரியக் கணக்கை முடித்துவிடலாம், அது சிறியது. இந்த அட்சத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடைவெளி ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் ஜூன் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல், டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே பருவங்களைச் சூரியனே ஆக்கிப் படைக்கிறது. இங்கே டிசம்பர் 21 நடுப்பகலில்கூடச் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தலைக்கு நேர் மேலே நிற்கும்போது தரையில் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கு அப்போதும் விழுகிறது. போதாததற்குப் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில். ஆகவே இந்த ஊர்களின் வெப்பத்தையும் குளிரையும் வானத்தில் தேடிப் பயனில்லை. சூரியன் தரும் வரவு எல்லோருக்கும் சமம். அதை நீரும் மண்ணும் பாறையும் காற்றும் எப்படிச் செலவழிக்கின்றன என்பதில்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

பழவேற்காட்டின் செலவுக் கணக்கை எழுதுவது தண்ணீர். கிழக்கே கடல், மேற்கே இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். நீரைச் சூடாக்க உலர்ந்த மண்ணுக்கு வேண்டியதைப்போல் நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். மேல்பரப்பில் விழும் வெயிலை அலை கலக்கி ஆழத்துக்கும் கொண்டுபோய்விடுகிறது. அதனால் மே மாதத்திலும் கடல் 30 டிகிரியைச் சுற்றியே நிற்கும், மணலோ காலை பத்து மணிக்கே கால் வைக்க முடியாமல் தகிக்கும். தரைமேல் காற்று சூடாகி எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை விரைந்து ஆறிவிட, விடியலில் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்புகிறது. எஞ்சின் வராத காலத்தில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய்க் கடல்காற்றில் கரை சேர்வதே இந்தக் கரையின் அன்றாடமாக இருந்தது.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய துணி வணிகமும் காற்றின் நாள்காட்டிப்படியே நடந்தது. அக்டோபர் நடுவில் வடகிழக்குக் காற்று திரும்பினால் இந்தத் திறந்த கரையில் கப்பல் நங்கூரமிட்டு நிற்பது ஆபத்து. தெற்கே சென்னைக் கரையிலும் ஆங்கிலேயக் கப்பல்கள் அந்த இரண்டு, மூன்று மாதங்கள் ஒதுங்கிப் போய்விடும்.

கடல்காற்று வரும் நேரம்தான் கடலோர மக்களின் மே மாதத் தலையெழுத்து. முற்பகல் பதினொன்று, பன்னிரண்டுக்கு வந்துவிட்டால் வெப்பம் அத்துடன் நின்றுவிடும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுவாக இருந்தால் கடல்காற்று கரையைத் தாண்ட முடியாமல் பிற்பகல் மூன்று வரை வெளியே காத்து நிற்கும். சென்னை நகரம் தன் பதிவிலேயே உயர்ந்த 45 டிகிரியைக் கண்ட 2003 மே 31 போன்ற நாட்கள் மேற்குக் காற்று கடலோரம்வரை ஆள்கிற நாட்கள். வங்கக் கடலில் உருவான புயல் இந்தப் பக்கம் வராமல் வடக்கே நகரும் வாரங்களிலும் இது நேரும். புயல் தன்னைச் சுற்றிக் காற்றை இழுப்பதில் நமக்கு வந்து சேர்வது மேற்குக் காற்று. மழையை எதிர்பார்த்தவர்களுக்கு அனல் கிடைக்கும்.

பழவேற்காட்டிலிருந்து மேற்கே போனால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்துக்குள் நுழைந்ததும் வெப்பத்தின் குணம் மாறிவிடுகிறது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாகவும் பாளமாகவும் ஆக்கும் ஆலைகள் இங்கே நிறைய. எஃகு உருகும் உலைக்குள் 1,600 டிகிரி அளவுக்கு வெப்பம். ஆனால் அங்கே வேலை செய்பவரை வாட்டுவது உலை மட்டும் அல்ல, காற்றிலுள்ள ஈரமும்தான். கடலும் ஏரியும் அருகில் இருப்பதால் காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்து நிற்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். உலர இடமில்லாத காற்றில் அது வழிந்து ஓடுகிறதே தவிர வேலை செய்வதில்லை.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளந்தால் இது எண்ணாகத் தெரியும். கடலோரத்தில் 36 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் ஈரத்துணி வெப்பமானி 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. திருத்தணிப் பக்கம் 42 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்றால் அது 26 வரை இறங்கிவிடும். செய்தியில் வரும் எண் திருத்தணிக்கு ஆறு டிகிரி கூடுதல். வியர்த்து நிற்கும் உடம்புக்குக் கிடைக்கும் ஆறுதலோ கும்மிடிப்பூண்டியில்தான் குறைவு. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 44 டிகிரி உலர்வெயிலில் வளர்ந்து இங்கே உலையடிக்கு வந்தவருக்கு, 37 டிகிரியில் ஏன் மூச்சு முட்டுகிறது என்பது முதல் கோடையில் புரியாமல்தான் இருக்கும். நாளிதழ்கள் ‘இன்று அதிக வெயில் பதிவான ஊர்’ என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிடுவதில் கும்மிடிப்பூண்டிக்கு நியாயம் கிடைப்பதே இல்லை.

இங்கிருந்து மேற்கே போகும் சாலை கவரப்பேட்டை, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று ஆரணியாற்றை ஒட்டிப் போகிறது. ஆடி மாதமானால் பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோவில் கூட்டத்தில் பேருந்து ஊர்ந்துதான் நகரும். மே மாதத்தில் சாலை காலி. நெல் அறுத்த வயல்கள் வெடித்துக் கிடக்க, இடையிடையே ஏரிகள். சிலவற்றில் நடுவில் மட்டும் தண்ணீர், பலவற்றில் அதுவும் இல்லை. கவனித்துப் பார்த்தால் தண்ணீர் தேங்கிய ஏரியின் கிழக்குக் கரையில், அதாவது மேற்குக் காற்று நீரைக் கடந்துவந்து தொடும் பக்கத்தில், வெயில் சற்றுத் தாழ்ந்தது போலிருக்கும். ஒரு லிட்டர் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல் எட்டு மடங்கு, அதே ஒரு லிட்டரை ஆவியாக்க வேண்டும். ஏரி வற்றும்போது அந்தப் பெரும் வெப்பத்தை ஊரின் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஏரி தூர்ந்து மனைப்பிரிவானால் அதே வெப்பம் ஊரிலேயே தங்கும்.

விலை இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் வற்றினால் பத்து லட்சம் லிட்டர் போய்விடும். ஊத்துக்கோட்டையைத் தாண்டி வரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சென்னையின் மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரில் சத்தியமூர்த்தி சாகர். 1996 முதல் கண்டலேறிலிருந்து கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியாக இங்கே வந்து சேர்கிறது. திறந்த கால்வாயிலும் அகன்ற, ஆழம் குறைந்த நீர்த்தேக்கத்திலும் அந்த நீர் கோடை முழுக்க ஒவ்வொரு நாளும் சில மில்லிமீட்டர் சூரியனுக்குக் கப்பம் கட்டுகிறது.

பூண்டிக்கு அருகில் அத்திரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு சில மாதங்களில் இங்கே வந்து சேர்ந்தார். சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் செய்த அகழாய்வு, இங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் சொன்னது. கருவிகளெல்லாம் குவார்ட்சைட் கல். பக்கத்து அல்லிக்குழிக் குன்றுகளின் சரளைகளில் உருண்டு கிடக்கும் அதே கல்தான் வடமேற்கே நகரி மலைத்தொடரின் செங்குத்தான முகடுகளாகவும் நிற்கிறது. பனிக்காலங்கள் வந்துபோய், பருவமழை பலமுறை வலுத்தும் மெலிந்தும், இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை மனிதர் அடியோடு கைவிட்டதாகத் தெரியவில்லை. மே மாத மதியத்தில் அந்தச் சரளை மேட்டில் நிற்பவருக்கு அது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும்.

திருவள்ளூரில் இறங்கி மின்சார ரயில் பிடிக்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்தத் தடத்தில்தான் போனது. கடம்பத்தூர், திருவாலங்காடு, அரக்கோணம் என்று மேற்கே போகப்போக ஜன்னலில் இரண்டு மாற்றம் தெரியும். முதலாவது, வடக்கிலும் மேற்கிலும் குன்றுகள் முளைக்கத் தொடங்கும். தொலைவில் நகரி மலை. கடலில் வரும் மாலுமிகளுக்கு ‘நகரி மூக்கு’ என்று ஒரு காலத்தில் அடையாளம் காட்டிய சிகரம். இரண்டாவது, முகத்தில் படும் காற்றின் பிசுபிசுப்பு போய்விடும். சட்டை உலர்ந்துவிடும், உதடு வெடிக்கும். கடல்காற்றின் ஆட்சி முடிந்து மேல்காற்றின் ஆட்சி தொடங்குமிடம் நாளுக்கு நாள் நகரும். பல மே மாதப் பகல்களில் அது திருவாலங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே எங்கோ இருக்கும்.

திருத்தணி வெயிலுக்குக் காரணம் கேட்டால் ஊரில் யாரும் மலையைத்தான் கை காட்டுவார்கள். பாறை பகலெல்லாம் காய்ந்து அனலை வீசுகிறது என்பது பொதுவான விளக்கம். பொய்யில்லை. முருகன் கோவில் மலையின் 365 படிகளில் மதியத்தில் வெறுங்காலோடு ஏறியவருக்கு யாரும் இதை விளக்க வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்கும் பாறையில் சூடு தங்கியிருக்கும். ஆனால் வானிலை நிலையத்தின் 43 டிகிரி பாறையில் அளந்தது அல்ல. வெள்ளை வர்ணம் அடித்த, சாய்சட்டக் கதவுகள் கொண்ட மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் சற்றுக் குறைவாக, நிழலில் அளந்த காற்றின் வெப்பம் அது. (அந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘டிரெஷர் ஐலண்ட்’ கதை எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் தந்தை.) அத்தனை காற்றையும் சூடாக்க இங்குள்ள உதிரிக் குன்றுகளுக்கு வலு போதாது. உள்ளூர் மலைகளின் மீது விழும் பழியில் பெரும்பகுதி இன்னும் மேற்கே, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயரத்தைச் சேர வேண்டியது.

சித்தூருக்கு மேற்கே மொகிலிக் கணவாய் ஏறினால் பலமநேர். கடல் மட்டத்திலிருந்து 680 மீட்டர் உயரம். அதற்கும் மேற்கே கோலார், பெங்களூரு என்று பீடபூமி 900 மீட்டர்வரை உயர்ந்துகொண்டே போகிறது. மே, ஜூன் மாதங்களில் அந்த மேட்டிலிருந்து காற்று கிழக்கே சரிந்து இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தத்துக்கு உள்ளாகிறது. அழுந்தும் காற்று சூடேறும். உலர்ந்த காற்றுக்கு இது ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ பத்து டிகிரி. பலமநேரிலிருந்து ஆர்.கே.பேட்டை மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறங்கும் காற்று, வழியில் ஒரு துளி வெயிலும் படாவிட்டாலும் ஐந்து டிகிரிக்குக் குறையாமல் சூடேறியே வந்து சேரும். பலமநேரில் 37 டிகிரி என்றால் கீழே 42. சூடேறும்போது காற்றின் ஈரப்பதமும் விழுந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே தன் நீரையெல்லாம் மங்களூர்ப் பக்கம் கொட்டிவிட்டு வந்த காற்று அது, கொடுக்க அதனிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

மங்களூர், பெங்களூரு, திருத்தணி, சென்னை. நான்கும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் வரிசையாக நிற்கின்றன. முதல் ஊர் ஜூனில் மழையில் மிதக்கும், இரண்டாவது இதமாக இருக்கும், மூன்றாவது வேகும், நான்காவது புழுங்கும். இதே கோட்டைப் பிடித்துக்கொண்டு உலகைச் சுற்றினால் ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுத் தலைநகர் நியாமே வரும். ஏப்ரலில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அட்லாண்டிக்கைக் கடந்தால் பார்படோஸ் தீவு, அங்கே 33 டிகிரி என்றாலே செய்தி. தெற்கே இதே அளவு அட்சத்தில் பெருவின் லிமா கடலோரத்தில்தான் இருக்கிறது, ஆனால் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுவதால் மழையே இல்லாத பாலை. கடல் அருகில் இருந்தால் மட்டும் போதாது, அது என்ன கடல், காற்று எந்தப் பக்கம் என்பதும் வேண்டும்.

ஜூன் கடைசியிலிருந்து திருத்தணி மேற்கு வட்டாரத்துக்கு இன்னொரு முகம். மேல்காற்று வலுத்து, அம்மியை அசைக்கும் ஆடிக்காற்றாக ஆகிவிடும். பகல் வறட்சியாகவே இருக்கும். பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து மெல்ல உள்ளே நுழைந்து, மாலைக்குள் அறுபது, எழுபது கிலோமீட்டர் வந்து மேல்காற்றை எதிர்கொள்ளும். எதிரெதிர்க் காற்று மோதும் கோட்டில் ஈரமான காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அந்தக் கோட்டின்மேல் மேகம் கட்டி, இடியோடு ஒரு மணி நேரம் பொழிந்துவிட்டுப் போகும். சென்னைத் துறைமுகத்தில் 2002இல் நிறுவிய டாப்ளர் ரேடாரில் இந்தக் கடல்காற்று முகப்பு ஒரு மெல்லிய கோடாக மேற்கே நகர்வதைக் காண முடிகிறது. தென்மேற்குப் பருவத்தில் வட தமிழகக் கடலோரத்தின் மாலை மழைக்குக் கடல்காற்று தூண்டுகோலாக இருப்பதை 2007இல் வெளியான ஆய்வு ஒன்றும் விவரித்தது. ஆடி, ஆவணியில் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் மானாவாரி வேர்க்கடலை விளைவது இந்த மாலை இடியை நம்பித்தான். காலையில் வெளுத்த வானத்தைப் பார்த்து மழை இல்லை என்று முடிவுகட்டும் வெளியூர்க்காரர் இங்கே நனைந்தே திரும்புவார்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் பேருந்து. முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை, பேருந்துப் பலகைக்கு அது நீளம். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1இல், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி. அதற்குப் பின்னால் ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம் இருந்தது. எல்லை வரையப்பட்டது மொழியையும் ஊர்களையும் பார்த்து, ஆறுகளைப் பார்த்து அல்ல. அதன் விளைவு நவம்பரில் தெரியும்.

ஊருக்குள் நடந்தால் காதில் விழுவது தறிச் சத்தம். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று இந்த வட்டாரமே நெசவு வட்டாரம். கைத்தறிகள் குறைந்து விசைத்தறிகள் பெருகிவிட்டன. பருவநிலை இங்கே பேச்சுக்குரிய பொருள் அல்ல, கூலிக்குரிய பொருள். பருத்தி இழைக்கு ஈரம் இருந்தால்தான் வலு. உலர்ந்த காற்றில் அது மொறமொறத்துப்போய்ப் பாவில் அடிக்கடி அறுந்துவிடும். அறுந்த இழையை முடிந்து மறுபடி ஓட்டுவதற்குள் தறி நின்றுவிடும். நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. மேல்காற்று வீசும் மே மாதப் பிற்பகல் நெசவாளிக்கு இரட்டை அடி: உடம்பும் தளரும், துணியின் நீளமும் குறையும். பழைய தறிவீடுகளில் தறி குழிக்குள் இருந்ததற்கு ஒரு காரணம் மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்க வேண்டும் என்பது. இன்றைய கல்நார்க்கூரைக் கொட்டகையில் அந்த வசதி இல்லை. தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவார்கள்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்குத் தாயகமானதில் அங்கே அடிக்கும் ஈரமான மேற்குக் காற்றுக்கும் பங்கு உண்டு. அந்த ஈரமும் போதாமல் ஆலை முதலாளிகள் நெசவுக்கூடத்துக்குள் நீராவியைப் பாய்ச்ச, தொழிலாளர்கள் எதிர்க்க, அதை வரம்புக்குள் வைக்க 1889இல் சட்டமே வந்தது. அங்கே மேற்குக் காற்று நெசவை வாழவைத்தது, இங்கே அதே திசைக் காற்று இழையை அறுக்கிறது. கிளம்பிய இடம் வேறு. அங்கே அது அட்லாண்டிக் கடலிலிருந்து வருகிறது, இங்கே கோலார் மேட்டிலிருந்து.

எனினும் கஞ்சி போட்ட பாவை உலர்த்த இதே வெயிலும் காற்றும் வேண்டும். கைத்தறிக் குடும்பங்கள் விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பார்கள். இளவெயில் பதமாக உலர்த்தும், உச்சிவெயில் முறித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவும் இல்லை, வெயிலும் இல்லை. தறிக்கு ஈரம் வேண்டும், பாவுக்கு வெயில் வேண்டும் என்று ஒரே தொழில் இரண்டு பருவங்களை ஒரே நாளில் கேட்கிறது.

உலர்காற்றால் ஊருக்குக் கிடைக்கும் ஒரு நன்மையைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆர்.கே.பேட்டையில் மே மாதப் பிற்பகலில் மண்பானைத் தண்ணீர் தொண்டைக்குச் சில்லென்று இறங்கும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் அந்தக் காற்றில் விரைந்து ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பழவேற்காட்டில் அதே குயவர் செய்த பானை வெளியே வியர்த்துக்கொண்டிருக்குமே தவிர, தண்ணீர் அவ்வளவாக ஆறாது. தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலர் திருத்தணியில் காசுக்கு மோசமில்லை. கும்மிடிப்பூண்டியில் வாங்கியவர் அறைக்குள் இன்னும் கொஞ்சம் புழுக்கத்தைச் சேர்த்துக்கொண்டதோடு சரி.

நவம்பரில் மேல்காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று வந்ததும் மாவட்டத்தின் முறை மாறுகிறது. மழை கடலோரத்தில் கனத்து விழுந்து, மேற்கே போகப்போக மெலியும். ஆனால் ஆர்.கே.பேட்டை வட்டாரத்துக்கு வெள்ளம் வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சித்தூர் மலைச்சரிவுகளில் பெய்யும் மழை ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையில், இங்குள்ளவர் அம்மாபள்ளி அணை என்று சொல்வதில், நிரம்பித் திறக்கும்போது நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்கள் முழுகும். 2020இல் நிவர் புயலின்போதும் 2021 நவம்பரிலும் அணை நீர் கொசஸ்தலையாற்றில் இறங்கியது. உள்ளூரில் தூறல்கூட இல்லாத நாளில் ஆற்றின் அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாமல் நிற்பதுண்டு.

தை பிறந்தால் மேற்கின் நல்ல காலம். ஈரம் குறைந்த, மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்கு விட்டுவிடும். கடலோரத்தில் நீராவி போர்வைபோல் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விடியலில் இரண்டுக்கும் மூன்று, நான்கு டிகிரி வேறுபாடு வருவது இப்படித்தான். மாமரம் பூக்க இந்த வறண்ட குளிர் வேண்டும். சித்தூர், புத்தூர், நகரி என்று நீளும் மாமரப் பட்டை எல்லை தாண்டி இந்தப் பக்கமும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மலைச்சரிவுகளில் செம்மரம் வளர்வதும் இதே கணக்கில்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியை விட்டால் அது இயற்கையாக வேறெங்கும் காடாக வளர்வதில்லை.

இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே நிறத்தில் பூசிவிடுகிறது வானிலை எச்சரிக்கை. எச்சரிக்கைக்கு அலகு மாவட்டம். ஆரஞ்சு என்றால் பழவேற்காட்டுக்கும் ஆரஞ்சு, ஆர்.கே.பேட்டைக்கும் ஆரஞ்சு. மழை விடுமுறையும் பெரும்பாலும் மாவட்டம் முழுக்க. பொன்னேரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் நாளில் ஆர்.கே.பேட்டைப் பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடுவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஆவணி மாலையில் மேற்கில் மட்டும் இடி இறங்கும்போது, கடலோரத்தைப் பார்த்து எழுதிய முன்னறிவிப்பு அங்குள்ள விவசாயிக்கு உதவாது.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் முந்தைய இருபத்து நான்கு மணி நேர மழையளவு ஊர்வாரியாக வரும்: கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, செங்குன்றம், சோழவரம், ஊத்துக்கோட்டை, பூண்டி, திருவாலங்காடு, திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை. ஆகஸ்ட், செப்டம்பர் காலைகளில் பட்டியலின் மேற்கத்திய ஊர்கள் முன்னால் நிற்பதைப் பலமுறை பார்க்கலாம். நவம்பர் புயல் நாட்களில் முதலிடம் பெரும்பாலும் கிழக்குக்குப் போய்விடும். பட்டியலின் கடைசி வரியில் மாவட்டச் சராசரி என்று ஓர் எண் இருக்கும். அந்த அளவு மழை அன்று மாவட்டத்தின் எந்த ஊரிலும் பெய்திருக்காது.